டப்பாவின் கண்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட மாட்டோம். கூப்பிட்டுப் பயனில்லை. குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிப் பட்டறை. விடிந்ததும் விசைத்தறி ஓட ஆரம்பித்துவிடும். ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தத்தில், சமையல்கட்டில் குக்கர் விசில் அடிப்பதைக்கூட ஆவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒருவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரே போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்க்க வைத்து, வாயை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டும். நூல் அறுந்தால் ஒரு சைகை, சாப்பாட்டுக்கு ஒரு சைகை, விருந்தாள் வந்தால் ஒரு சைகை. வந்த விருந்தாள் யார் என்று சொல்லவும் தனித்தனிச் சைகைகள் உண்டு. என் பெரியப்பாவுக்கு உரியதை இங்கே எழுத முடியாது.

அம்மா என்னைத் திட்டுவதும் உதட்டிலேயேதான். ஒரு வசவு விடாமல் வந்துவிடும். நானும் உதட்டிலேயே பதில் சொல்வேன். பட்டறையின் அந்தக் கோடியில் நிற்கிற அப்பா இரண்டு பேர் பேசியதையும் படித்துவிட்டுச் சிரிப்பார். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால், தறிக்காரர் வீட்டில் ரகசியமே பேச முடியாது, எல்லாரும் கத்துகிறார்கள் என்று கேலி செய்வார்கள். அவர்கள்தான் வாயைத் திறக்காமல் முனகுகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். இதில் ஒரு குறை இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

நான் பாவாடை கட்டின வயதிலிருந்தே பட்டறையில் கிடந்தவள். லீவு நாளில் நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிக்கு நூல் சுற்றினேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தறியிலேயே நின்றுவிட்டேன். தறி எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கி இழுத்துக்கொண்டிருந்த நாட்களில், வேறொரு ஆசை பிடித்துக்கொண்டது. ஒருநாள் அப்பாவுக்காக வெளியூருக்கு ஒரு டிரங்க் கால் போடப் பாலம் தாண்டிப் பவானிக்குப் போயிருந்தேன். அங்கே டெலிபோன் ஆபீசில் பாதி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஓர் ஆபரேட்டர் பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். காதில் கருவி மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த சுவரைக்கூடப் பார்க்காமல், தன் நகத்தைப் பார்த்தபடி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் சத்தமே இல்லை. ஒரு மனுஷி உட்கார்ந்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல், இத்தனை மெதுவாகப் பேசிச் சம்பாதிக்க முடியுமா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டேன். தேர்வு எழுதினேன், நேர்காணலுக்கும் போனேன். எதிரே உட்கார்ந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். உடல் தகுதிச் சோதனை மட்டும் பாக்கி, அதற்குச் சேலத்துக்கு வரச்சொல்லித் தகவல் வரும் என்றார்கள். ஆபரேட்டருக்குக் குரல்தான் முக்கியம் என்று நினைத்து, நான் கண்ணாடி முன்னால் நின்று குரலைப் பழக்கிக்கொண்டிருந்தேன். காது எல்லாருக்கும் இருப்பதுதானே.

அதே மாதங்களில்தான் என் தம்பி ஒரு ரோபோ செய்ய ஆரம்பித்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் கல்லூரியில் பொருட்காட்சி வருகிறது, அதற்கு. ரோபோ என்றதும் ஆள் உயரத்துக்கு எதையோ எதிர்பார்த்த அம்மாவுக்குப் பெருத்த ஏமாற்றம். பழைய பிஸ்கட் டின் ஒன்று, அடியில் பொம்மைக் காரின் சக்கரங்கள், முகத்தில் கண் மாதிரி ஒரே ஒரு சிவப்பு பல்பு, வயிற்றில் ஒரு ரேடியோ ஸ்பீக்கர், அவ்வளவுதான். அது நேராகப் போகும். சுவரில் முட்டினால் பின்வாங்கித் திரும்பும். போகும்போது ஒரு சத்தம், முட்டினால் ஒரு சத்தம், திரும்பினால் இன்னொரு சத்தம். சத்தம் வரும்போதெல்லாம் கண் எரியும். அதற்கு ஒரு பெயர் வையுங்கள் என்று தம்பி கேட்டான். அம்மா டப்பா என்றாள். அதுவே நிலைத்துவிட்டது.

ஓடுவதும் திரும்புவதும் சீக்கிரம் சரியாகிவிட்டன. அவனைப் படுத்தியெடுத்தது சத்தம்தான். எட்டுக் கால் வைத்த ஒரு கறுப்பு ஐ.சி.யை வைத்து அந்தச் சத்தத்தை உண்டாக்கினான். அது கரகரவென்று வந்தது. ஏதேதோ மாற்றிப் போட்டுக் கரகரப்பைக் குறைத்தான். டின் அதிர்ந்தது. பட்டறையிலிருந்து கழிவு நூலை அள்ளிக்கொண்டுபோய் உள்ளே அடைத்தான், அதிர்வு நின்றது. இத்தனூண்டு ஸ்பீக்கரால் கனத்த சத்தம் போட முடியாது, மேலே தூக்கி மெல்லிசாக வை, அப்போதுதான் மணி மாதிரித் தெளிவாக இருக்கும் என்று அவன் வாத்தியார் சொல்லியிருந்தார். அப்படியே வைத்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அப்பா குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் வரலியே சாமி."

"வருதுங்கப்பா. நல்லாக் கேளுங்க."

"என்னமோ பூச்சி கத்துறாப்பல இருக்குது. தெளிவா இல்ல."

அம்மாவுக்கு அந்தப் பூச்சியும் இல்லை. நான் மட்டும்தான் தம்பி பக்கம் நின்றேன். "எனக்குக் கேக்குதுடா, நல்லாத்தான் இருக்குது" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சிவப்புக் கண் எரிந்தது, எனக்குச் சத்தம் கேட்டது. அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தம்பி அப்பாவுக்காக அந்த மெல்லிசுச் சத்தத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கனமாக்கினான். இன்னும் கொஞ்சம் இறக்கினான். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு வேளையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போட்டுக் காட்டுவான், அவர்கள் இன்னும் தெளிவில்லை என்பார்கள், அவன் மறுபடி இறக்கி, ஒலியையும் கூட்டுவான். பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து கேட்டான், அவரும் அதையே சொன்னார். கடைசியில் ஒருநாள் அப்பா முகம் மலர்ந்தது. "இது. இதுதான் சத்தம்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. தெருவே ஒப்புக்கொண்ட சத்தத்தோடு டப்பா பொருட்காட்சிக்குப் போனது.

சாயங்காலம் தம்பி திரும்பி வந்து டின்னை மூலையில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். அம்மா அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பி, என்னடா என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு ஓடறாங்க. ரோபோவுக்கு எதுக்குப்பா லாரி ஆரன் வெச்சிருக்கேன்னு கேக்கறாங்க."

அந்தச் சின்ன ஸ்பீக்கர் தாங்க முடியாமல் கிழிந்த சத்தமாக அலறியிருக்கிறது. அவன் வாத்தியார்கூடச் சிரித்துவிட்டாராம். எங்களுக்குக் கோபம் வந்தது. அவர்களுக்கெல்லாம் காதில் ஏதோ கோளாறு என்று அம்மா முடிவு செய்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அன்றைக்கு என் அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்தது. அப்பாவும் முதலில் காடு தோட்டம் என்று இருந்தவர்தான், தன் பங்கை விற்றுவிட்டுத் தறி போட்டார். அத்தை விவசாயத்திலேயே இருந்தாள். வாழைத்தாரோடு வந்தவள் எங்களோடு நடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தம்பி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாத்தியார் சொன்னபடி முதலில் வைத்திருந்த மெல்லிய சத்தத்தையே திரும்ப வைத்திருப்பதாகவும், எது தெளிவு என்று அத்தையே சொல்லட்டும் என்றும் சொன்னான். தறி நின்றிருந்ததால் அவன் சொன்னது எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. அப்படித்தான் நினைத்தேன். அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

நான் டப்பாவைப் பார்த்தபடி காத்திருந்தேன். கண் எரியவில்லை.

"ஏன்டா, போடு."

"போட்டுட்டேன்க்கா."

"எங்க போட்டே?"

அத்தை பக்கம் திரும்பினேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். "நிறுத்து சாமி. காதுக்குள்ள ஊசி ஏத்தறாப்பல இருக்குது" என்றாள்.

தம்பி டின்னைத் திருப்பிப் பார்த்தான். பொருட்காட்சிக்குப் போய் வந்த பஸ் நெரிசலில் பல்பின் ஒயர் அறுந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். விசையைப் போட்டான், நிறுத்தினான், மறுபடி போட்டான். அத்தையின் கைகள் காதுக்கு ஏறின, இறங்கின, ஏறின. சத்தம் வருவதும் நிற்பதும் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவும் அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி எழுந்து எனக்குப் பின்னால் போனான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அத்தையின் முகம் மாறியதைப் பார்த்துத் திரும்பினேன். அவன் என் முதுகுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"என்னடா?"

"அக்கா, மெதுவா உன்னத்தான் கூப்பிட்டுட்டு இருக்கறேன்."

பிறகு துண்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். குரல் வந்தது, சொல் வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் குரல்தான் வந்தது. நான் அவன் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி எறிந்தேன். டப்பாவையும் எறிந்திருப்பேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். வேலை போய்விடும் என்று அழுதேன். அதைவிட, இத்தனை வருஷம் கேட்டதாக நினைத்ததில் எவ்வளவு கேட்டேன், எவ்வளவு பார்த்தேன் என்று தெரியாமல் அழுதேன். நேர்காணலில் டக் டக்கென்று பதில் சொன்னேன் அல்லவா, அங்கே எனக்கு எதிரே வாய்கள் இருந்தன. டெலிபோனுக்கு வாய் கிடையாது. அந்த டப்பாவுக்கும் கிடையாது. அதனால்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். எனக்குக் கேட்காமல் போனது உச்சத்தில் இருக்கிற சத்தம்தான், அதெல்லாம் டெலிபோன் கம்பியிலும் வராது, அதனால் பயப்படாதே என்றான். இது ஆறுதலுக்குச் சொன்னதில்லை, உண்மையே அப்படித்தான் என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். டப்பாவின் ஸ்பீக்கரிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, சமையல்கட்டில் ஒரு மைக் வைத்தான். தறி நிற்கிற நேரமெல்லாம் நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், அவன் அங்கிருந்து நம்பர்கள் சொல்வான், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் எல்லாம் குழம்பியது. சிக்ஸ் என்றால் நடுவில் ஒரு முனகல்தான் வரும். ஃபைவும் நைனும் ஒன்றாகவே இருந்தன. என்னை அறியாமல் திரும்பித் திரும்பி வாயைத் தேடுவேன். "சுவத்தப் பாருக்கா" என்று அவன் அங்கிருந்து கத்துவதை அம்மா எதிரே வந்து நின்று உதட்டில் சொல்லிவிட்டுப் போவாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வாயைப் பார்க்காமல் ஒரு சொல் வந்து சேருவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அறிந்தேன். யாருமில்லாத பக்கத்திலிருந்து ஒருவர் கையைத் தொடுவதுபோல் இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சேலத்துக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. தம்பியும் கூட வந்தான், வெளியே உட்கார்ந்திருந்தான். கனத்த திரை போட்ட ஓர் அறையில் என்னை உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டினார்கள். எதிரே ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர். "சத்தம் கேட்டாக் கையைத் தூக்கும்மா, போதும்" என்றார். நம்பர் சொல்வார்கள் என்று நினைத்து நான் பழகிக்கொண்டு போயிருக்க, டப்பா போட்ட மாதிரி வெறும் சத்தம்தான் போட்டார்கள்.

கனத்த சத்தங்கள் முதலில் வந்தன. எல்லாம் கேட்டன, தூக்கினேன். சத்தம் மேலே ஏற ஏற மெலிந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். அவர் விசையை அழுத்தும்போதெல்லாம் பெட்டியில் அவர் பக்கம் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடியில் அது ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. புள்ளி எரிந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புள்ளி அணைந்தது. மறுபடி எரிந்தது. என் கை மடியிலிருந்து பாதி எழும்பிவிட்டது.

தூக்கியிருந்தால் வேலை எனக்குத்தான். பட்டறையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் புள்ளியைப் பார்த்துக் கை தூக்குவது ஒரு வித்தையே இல்லை. அந்த வேலை எனக்கு அத்தனை வேண்டியிருந்தது. ஆனால் என் காது எதுவரை இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்ற வீம்பு அதைவிடப் பெரிதாக வந்தது. கையை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அவர் அழுத்திக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பிறகு டாக்டர், என் காதின் அளவாகத் தாளில் விழுந்திருந்த கோட்டைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. "குமாரபாளையமா, பள்ளிபாளையமா?" என்று தறி ஓடுகிற இரண்டு ஊர்களை மட்டும் சொல்லிக் கேட்டார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், தறியை விட முடியாவிட்டால் பஞ்சில் வாசலின் தடவிக் காதில் வைத்துக்கொண்டு நில்லு என்றார். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். வேலை இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். நான் அவர் உதட்டிலிருந்து அதைப் படித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் தம்பியிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு வந்ததே கோபம்.

"பாத்துத் தூக்கியிருக்கலாமல்லக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்த வேலைல போய் உக்காந்துக்கிட்டு, அப்புறம் எதைப் பாக்கறது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சரியாகத்தான் செய்தேன் என்று அப்போது ஒரு பெருமையும் இல்லை. வீட்டில் அம்மா உதட்டில் திட்டாமல் வாய்விட்டே திட்டினாள். கண்ணை மூடாமல் இருந்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும் என்றாள். அப்பா பட்டறைக்குள் போய்விட்டார்.

நான் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அம்மாவுக்கும் விடாப்பிடியாக வைத்துவிட்டேன். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள், சளி பிடித்திருக்கிறதா என்று சைகையில் கேட்டார்கள். நானும் சைகையில் பதில் சொன்னேன், பெரியப்பாவுக்கு உரிய சைகையில். அப்பா மட்டும் கடைசிவரை பஞ்சுக்குச் சம்மதிக்கவில்லை. "காத அடச்சுப்போட்டா தறி நோகறது எப்படி அம்மிணி தெரியும்?" என்பார்.

தம்பி டப்பாவின் சக்கரங்களைக் கழற்றி வேறெதற்கோ எடுத்துக்கொண்டான். ஸ்பீக்கரை அப்படியே விட்டு, சத்தத்தைக் கீழிருந்து மேலே ஏற்றுகிற மாதிரி ஒரு குமிழ் வைத்தான். கண்ணுக்கு ஒயர் ஒட்டுகிறேன் என்றான், நான் விடவில்லை. ஆயுத பூஜைக்குத் தறியெல்லாம் நின்று, கழுவி, பொட்டு வைத்து, தெருவே அமைதியாக இருக்கும் அல்லவா, அன்றைக்கு டப்பாவுக்கும் ஒரு பொட்டு உண்டு. பூஜை முடிந்ததும் ஒவ்வொருவராக அதன் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தம்பி குமிழைத் திருப்பிக்கொண்டே போவான். கேட்பது நின்ற இடத்தில் கை தூக்க வேண்டும். குமிழ் நின்ற அந்த இடத்தில் டின்மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டுவான். அப்பாவுக்குப் பச்சை, அம்மாவுக்கு மெரூன், எனக்குச் சிவப்பு.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பாவின் பச்சை நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. ஒட்டிய இடத்தை அவர் பார்த்தார். பிறகு டின்னின் மேல் உள்ளங்கையை வைத்து, குமிழை மேலே திருப்பச் சொன்னார். தம்பி அவர் பொட்டைத் தாண்டியும் திருப்பினான். "இப்பக் கேக்குது சாமி" என்றார். அந்த அதிர்வைத்தான் சொல்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அவர் கையை எடுக்கவில்லை, ஆனால் அன்றைக்கு மாதிரி அவர்மேல் எனக்குப் பாசமும் கோபமும் ஒன்றாக வந்ததில்லை.

அடுத்து நான் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். சத்தம் அடியிலிருந்து கிளம்பி, தெளிவாக, மெல்லிதாகி மெல்லிதாகி மேலே போனது. ஒரு நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி அதன் கூடவே போனேன். அது கைவிட்டுப் போன இடத்தில் கையைத் தூக்கினேன். பொட்டை ஒட்டுகிற நேரம் கழிந்தது. பயமாக இருந்தது, அதனால் கண்ணைத் திறக்கவில்லை.

"அதே எடந்தான்க்கா" என்றான் தம்பி.

அவன் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் சொன்னது கேட்டது.